மௌனம் சம்மதமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் அண்ணன் என் அறைக்கு வந்தபோது, "கம்ப்யூட்டர் பத்தி ஏதாச்சும் எழுதுடா, நம்ம டிபார்ட்மென்ட்ல யாருமே தரல" என்றார். கணினியின் வளர்ச்சி, கணினியின் பயன்கள் என்று எழுதினால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அதை உங்களில் யாரும் படிக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்விக்குறி. நான் எழுதிய நிரலில் போட்ட ஒரு கேள்விக்குறியும், அதை மறைக்க நான் செய்த ஒரு குறுக்கு வேலையும் சேர்ந்து, நம் விடுதித் தம்பி ஒருவனிடமிருந்து 630 ரூபாயைப் பறித்துவிட்டன. அந்தக் கணக்கை இந்த மலரிலேயே தீர்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் விஷயம் புரிய வேண்டும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்களுக்கும் புரியும்.

கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்து நிரலை ஓட்டுகிறோம் அல்லவா? நிரலின் பெயருக்குப் பின்னால் நாம் கொடுக்கும் சொற்களை ஆர்க்யுமென்ட் என்கிறோம். இது இரண்டு வகை. ஒன்று, இடத்தை வைத்து அர்த்தம் கொள்வது: முதல் சொல் இன்னது, இரண்டாம் சொல் இன்னது. இதுதான் பொசிஷனல் ஆர்க்யுமென்ட். பந்தியில் இலை போட்டவுடன் உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே, பொரியல் எங்கே என்று இடம் வைத்திருக்கிறோமே, அது மாதிரி. இன்னொன்று, முன்னால் கோடு போட்டுப் பெயர் சொல்லிக் கொடுப்பது. அதை எந்த இடத்தில் வைத்தாலும் பெயரே அர்த்தத்தைச் சொல்லிவிடும். இதுதான் ஆப்ஷன்.

வழக்கம் என்னவென்றால், இடத்தால் வருவது கட்டாயம். கோட்டோடு வருவது விருப்பம். ஆப்ஷன் என்ற பெயரே அதனால்தான். பைத்தான் மொழியில் இவற்றைப் பிரித்துக் கொடுக்க ஆர்க்பார்ஸ் என்றொரு நூலகம் இருக்கிறது. ஸ்டீவன் பெத்தார்ட் என்பவர் உருவாக்கியது. 2010-ல் வந்த பைத்தான் 2.7 பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு முன்பிருந்த ஆப்ட்பார்ஸ், கோடு போட்டவற்றை மட்டும்தான் கவனிக்கும். மிச்சத்தை அப்படியே ஒரு பட்டியலாக நம் கையில் கொடுத்துவிடும். ஆர்க்பார்ஸ் இடத்தால் வருவதையும் எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கும். எத்தனை சொற்கள் வரலாம் என்பதை என்ஆர்க்ஸ் என்ற இடத்தில் நாம் சொல்ல வேண்டும். '+' போட்டால் குறைந்தது ஒன்று. '*' போட்டால் எத்தனை வேண்டுமானாலும், ஒன்றுமே இல்லாமலும். '?' போட்டால் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பரவாயில்லை. இல்லாதபோது என்ன வைத்துக்கொள்வது என்பதை டிஃபால்ட் என்று நாமே எழுதி வைத்துவிடலாம். நாம் ஒன்றும் எழுதாவிட்டால் "நன்" என்ற வெறுமை வரும்.

நான் போட்டது அந்த '?'தான்.

நம் விடுதியில் டிவைடிங் சிஸ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். மாதச் செலவை, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் ரேட்டு. அதை அவரவர் நாளால் பெருக்கினால் அவரவர் பில். தொடர்ந்து நான்கு நாளோ அதற்கு மேலோ ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்குக் குறைப்பு உண்டு. மெஸ் செயலாளர் இந்தக் கணக்கை மாதாமாதம் நோட்டில் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். "நீ கம்ப்யூட்டர்தானே, ஒரு புரோகிராம் போட்டுக் கொடேன்" என்றார். எனக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். நான் எழுதியதை நாலு பேர் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் சும்மாவா! இரண்டு இரவில் எழுதிக் கொடுத்தேன்.

கட்டளை இப்படி: மெஸ் வருகை [குறைப்பு] [-வி]. முதல் சொல் வருகைக் கோப்பு, கட்டாயம். இரண்டாவது குறைப்புப் பட்டியல், இருந்தால் கொடுக்கலாம். சதுர அடைப்புக்குள் இருந்தால் விருப்பம் என்பது யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் மரபு. '-வி' போட்டால் கணக்கை விவரமாகத் திரையில் காட்டும். குறைப்புப் பட்டியல் கொடுக்காவிட்டால், அந்த மாதம் யாருமே ஊருக்குப் போகவில்லை என்று நிரல் எடுத்துக்கொள்ளும். "எல்லா மாசமும் லீவு லிஸ்ட் இருக்காதே, எதுக்கு வீணா தட்டச் சொல்லணும்" என்று நினைத்து நான் வைத்த வசதி அது.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மூன்றாவது மாதம் மெஸ் செயலாளர் அவசரத்தில் '-வி'யை நடுவில் போட்டுவிட்டார்: மெஸ் வருகை -வி குறைப்பு. "தெரியாத ஆர்க்யுமென்ட்: குறைப்பு" என்று பிழை வந்தது. எனக்குப் போன் போட்டார்.

ஏன் பிழை வந்தது என்று இப்போது தெரியும். விடுதி அலுவலகக் கணினியில் இருந்தது பழைய பைத்தான். அதில் ஆர்க்பார்ஸ், வரிசையில் முதலில் கிடைக்கிற சொற்களை வைத்தே முடிந்த மட்டும் எல்லா இடத்தையும் நிரப்பப் பார்க்கும். முதல் இடத்துக்கு வருகைக் கோப்பு கிடைத்தது. இரண்டாம் இடம் '?' ஆயிற்றே, ஒன்றும் இல்லாவிட்டாலும் போதும். அடுத்து நிற்பதோ '-வி'. ஆகவே "ஒன்றுமில்லை" என்று அந்த இடத்தையும் அப்போதே நிரப்பிக் கணக்கை மூடிவிட்டது. பிறகு வந்த குறைப்புக் கோப்புக்கு உட்கார இடமில்லை. விருந்தாளி வருவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள்! இப்படிக் கலந்து வருவதற்காகவே 2018-ல் வந்த பைத்தான் 3.7-ல் பார்ஸ் இன்டர்மிக்ஸ்டு ஆர்க்ஸ் என்று தனி வழி வைத்திருக்கிறார்கள். கையேட்டில் இருக்கிறது. நான் படிக்கவில்லை.

நான் படித்தது வேறு. பார்ஸ் நோன் ஆர்க்ஸ் என்று ஒன்று உண்டு. தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, தெரியாததை ஒரு தனிப் பட்டியலில் போட்டு, பிழை சொல்லாமல் போய்விடும். மிச்சத்தை வேறொரு நிரலுக்குக் கடத்த வேண்டியவர்களுக்காக வைத்த வசதி. நான் அதைப் போட்டேன். பிழை போய்விட்டது. "சரியாயிடுச்சுண்ணே, இப்ப ஓட்டுங்க" என்றேன்.

பிழை எங்கே சரியானது? பிழையைச் சொன்ன வாயை அல்லவா நான் கட்டிவிட்டேன்! குறைப்புப் பட்டியல் அந்தத் தனிப் பட்டியலில் போய் விழுந்தது. அதை என் நிரல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருமே ஊருக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த மாதச் செலவு 75,600 ரூபாய். 40 பேர், 30 நாள். அதில் 12 பேர் ஊருக்குப் போயிருந்தார்கள், எல்லோருக்கும் சேர்த்து 120 நாள் குறைப்பு. ஆக மொத்தம் 1,080 நாள். நாளுக்கு 70 ரூபாய். முழு மாதமும் இருந்தவனுக்கு 2,100. என் நிரல் 1,200 நாள் என்று எடுத்துக்கொண்டது. நாளுக்கு 63. எல்லோருக்கும் ஒரே மாதிரி 1,890. 40 பேருக்கும் கூட்டினால் அதே 75,600!

கூட்டுத்தொகை ஒரு ரூபாய் பிசகவில்லை. வார்டன் கையெழுத்துப் போட்டார். திரையில் 63 என்று பார்த்த மெஸ் செயலாளர், "இந்த மாசம் ரேட்டு கம்மிடா!" என்று சந்தோஷப்பட்டார். மாதம் முழுக்க இருந்த 28 பேருக்கு ஆளுக்கு 210 ரூபாய் லாபம். லாபம் வந்தவன் ஏன் என்று கேட்பானா? நான்கூடக் கேட்கவில்லை. அந்த 28 பேரில் நானும் ஒருவன்.

முதலாமாண்டுத் தம்பி ஒருவன், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று 12 நாள் ஊருக்குப் போயிருந்தான். 18 நாளுக்கு 1,260 கட்ட வேண்டியவன் 1,890 கட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்துக் கேட்டரிங்குக்குப் பரிமாறப் போவது நம்மில் பலருக்கு வழக்கம்தானே. நானும் போகிறவன். ஒரு ஞாயிறு பந்தி முடிந்து பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவனைப் பார்த்தேன். "என்னடா, நீ இதுக்கெல்லாம் வர மாட்டியே?" என்றேன்.

"மெஸ் பில் ஜாஸ்தியா வந்துருச்சுண்ணே. ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்தா கட்டிரலாம்."

"நீ லீவுல போயிருந்தியேடா? குறைப்பு வந்திருக்குமே?"

"வரலண்ணே. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது. அவன் வீட்டிலும் அவன்தான் முதலில் படிக்க வந்தவன். நோட்டில் பேனாவால் போட்ட கணக்காக இருந்தால், "அண்ணே, என் பேர்ல தப்பு இருக்கு" என்று கேட்டிருப்பான். கம்ப்யூட்டர் போட்டது என்பதால் கேட்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

ஒரு சொல்லை விருப்பம் என்று வைப்பது வெறும் வசதி என்றே நமக்குச் சொல்லித் தரப்படுகிறது. பயன்படுத்துகிறவர் சொல்லாமல் விட்டால் அவருக்காக நாம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம் என்பதுதான் உண்மையில் நடப்பது. மௌனம் சம்மதம் என்பார்கள். சொல்லாமல் விட்டவர் சம்மதித்துத்தான் விட்டாரா, தெரியாமல் விட்டாரா, சொல்லியும் நம் காதில் விழவில்லையா என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? என் விஷயத்தில் மெஸ் செயலாளர் சொல்லத்தான் செய்தார். என் நிரலுக்கு அது விழவில்லை.

எங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. என் அப்பாவைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது பிறந்த தேதி கேட்டார்கள். ஆயாவுக்குத் தெரியவில்லை. "நல்ல மழைக்காலத்துல பொறந்தான்" என்றாராம். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார்கள். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். அந்தத் தேதி மட்டும் நிற்கவில்லை, ரேஷன் கார்டு வரை கூடவே வந்தது. நம் ஊர்ப் பக்கம் பல பெரியவர்களுக்கு ஜூன் மாதப் பிறந்தநாள் இருப்பது இதனால்தான். கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், இது தெரியாத விஷயம் என்றாவது பின்னால் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும். எழுதி நிரப்பியதால் அதுவே உண்மையாகிவிட்டது.

அப்படியானால் விருப்பமே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். லினக்ஸில் எல்எஸ் என்று மட்டும் தட்டினால் இப்போது நிற்கிற கோப்புறையைக் காட்டுகிறது. சிடி என்று மட்டும் தட்டினால் நம் வீட்டுக் கோப்புறைக்குக் கொண்டு போகிறது. இதில் என்ன குறை? ஒன்று வெறுமனே காட்டுகிறது. இன்னொன்றில் தப்பாகப் போனாலும் திரும்பி வந்துவிடலாம். சார்ட் என்று தட்டிக் கோப்புப் பெயரை விட்டால், நாம் கீபோர்டில் தரப் போகிறோம் என்று காத்திருக்கிறது. முதலாமாண்டில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்று நாம் பயந்தது இதைப் பார்த்துத்தான். குழாய் போட்டு ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்க அந்த வழக்கம்தான் உதவுகிறது. யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் சிபி கட்டளையைப் பாருங்கள். கடைசியில் வரும் சொல்தான் சேருமிடம். இரண்டு கோப்புகளை ஒரு கோப்புறைக்குப் பிரதி எடுக்க நினைத்து, கோப்புறையின் பெயரை மறந்துவிட்டால் என்ன ஆகும்? முதல் கோப்பு இரண்டாவதன் மேல் எழுதப்பட்டுவிடும். ஒரு பிழைச் செய்தியும் வராது. செக் கட்டளையில் ஒரு எண் கொடுத்தால் அது முடிவு. இரண்டு கொடுத்தால் முதலாவது தொடக்கமாகிவிடும். மூன்று கொடுத்தால் நடுவில் இருப்பது படி. பைத்தானின் ரேஞ்சிலோ மூன்று கொடுத்தால் படி கடைசியில் வரும். ஒரே எண், கூட வருகிற ஆட்களைப் பார்த்து வேஷம் மாற்றுகிறது! கிட் நிரலில் செக்அவுட் என்ற ஒரே கட்டளை, பின்னால் வரும் பெயரைப் பொறுத்துக் கிளை மாற்றவும் செய்தது, கோப்பில் நாம் செய்த மாற்றத்தை அழிக்கவும் செய்தது. 2019-ல் வந்த 2.23 பதிப்பில் அதற்கு ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று இரண்டு தனிக் கட்டளைகள் வைத்தார்கள். பெரிய பெரிய ஆட்களே திருத்திக்கொள்ளும்போது நமக்கென்ன வெட்கம்?

ஆகவே நான் எனக்கென்று வைத்துக்கொண்ட விதிகள் இவை. விருப்பமாக ஓர் இடம் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். அதை விட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு யாருடைய பணத்தையும் கோப்பையும் தொடக் கூடாது. தொடுமென்றால் அது விருப்பமே இல்லை. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். என்ன எடுத்துக்கொண்டோம் என்பதை முதல் வரியிலேயே திரையில் காட்ட வேண்டும். தெரியாத சொல் வந்தால் நின்று கேட்க வேண்டும்; விழுங்கக் கூடாது.

என் நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது '--குறைப்பு' என்று எழுதிக் கோப்பைக் கொடுக்க வேண்டும், அல்லது '--குறைப்பு-இல்லை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று கட்டாயம், இரண்டும் சேர்ந்தும் வரக் கூடாது. ஆர்க்பார்ஸிலேயே இதற்குக் குழு அமைக்கும் வசதி இருக்கிறது. பார்ஸ் நோன் ஆர்க்ஸைத் தூக்கிவிட்டேன்.

இதைக் காட்டியபோது வகுப்பு நண்பன் ஒருவன் சொன்னான்: "ஆப்ஷனைக் கட்டாயமாக்குறது நல்ல பழக்கமில்லைன்னு அந்த லைப்ரரியோட கையேடே சொல்லுதேடா." உண்மைதான், சொல்கிறது. ஆப்ஷன் என்றால் விருப்பம் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள் என்பது அதன் நியாயம். நல்ல நியாயம். ஆனால் மாதம் ஒரு முறை ஓட்டும் நிரலில் ஒரு சொல் கூடுதலாகத் தட்டினால் மெஸ் செயலாளருக்கு ஐந்து விநாடி நஷ்டம். தட்டாமல் விட்டால் தம்பிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை நஷ்டம். இந்த இரண்டையும் தராசில் வைத்தால் எனக்கு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று நன்றாகத் தெரிகிறது.

மெஸ் கமிட்டியில் தவறை நானே சொன்னேன். அடுத்த மாதப் பில்லில் 12 பேருக்கும் மொத்தம் 5,880 ரூபாய் கழிக்கப்பட்டது. மாதம் முழுக்க இருந்த 28 பேருக்கும் ஆளுக்கு 210 கூடியது. "நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லைதான். ஆனால் அது அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டின் விலை. பேரவை இந்த விஷயத்தில் உறுதியாக நின்றதற்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும்.

பேரவைக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. மாணவர்களின் பணத்தைத் தொடும் எந்த நிரலானாலும், அதன் விடையை இரண்டு பேருக்காவது கையால் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் கண்டிப்பாக ஊருக்குப் போய் வந்தவராக இருக்கட்டும். ஊரிலேயே இருந்தவனை மட்டும் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் தெரியும்.

தம்பிமார்களே, தங்கைமார்களே, உங்களுக்கும் ஒன்று. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எனக்கும் இருந்தது. பெரிய இடத்தில் போட்ட கணக்கு தப்பாக இருக்காது, நமக்குத்தான் புரியவில்லை என்று பேசாமல் இருந்துவிடுவோம். கம்ப்யூட்டருக்குள்ளே உட்கார்ந்திருப்பது யாரோ பெரிய மேதை இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, கையேட்டைப் படிக்காமல் விட்ட என்னைப் போல ஒருவன்தான். பில் கூடுதலாக வந்தால் கேளுங்கள். கேட்டால்தான் எங்களுக்கும் தெரியும்.

வணக்கம்.

- மூன்றாமாண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை